நாற்காலிக்கு முன் ஐந்து நாள்: கோவையில் நடக்கும் ஒரு பெஞ்சுப் பயிற்சி எப்படி?

சிவில் நீதிபதித் தேர்வில் தேறி வருகிறவருக்குச் சட்டம் தெரியும். டவாலி கூப்பிட்டு முதல் வழக்குக் கட்டு மேசைக்கு வந்ததும் அதை எங்கே திறப்பது, யாரை முதலில் பார்ப்பது, எதைத் தன் கையால் எழுதுவது என்பதுதான் தெரியாது. அந்தக் கைவேலையைச் சொல்லித் தருவதாக விளம்பரம் செய்து, ஓய்வுபெற்ற நீதிபதிகள் சிலர் கோவையில் ஐந்து நாள் பயிற்சி நடத்துகிறார்கள். தேறிப் பணி ஆணைக்குக் காத்திருப்பவர்களும் தேர்வுக்குப் படிக்கும் வக்கீல்களும் சேரலாம். ஒரு அணிக்கு 20 பேர், மதியச் சாப்பாட்டோடு கட்டணம் 6,500 ரூபாய். பணியில் சேர்ந்த பிறகு தமிழ்நாடு மாநில நீதித்துறை அகாடமி தரும் பயிற்சிக்கு இது மாற்றாகாது. அகாடமிக்குக் கோவையிலேயே மண்டல மையம் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் கை பழக இது உதவும், அவ்வளவே.

முதல் நாள் முழுவதும் ரிமாண்டு, அதாவது பிடிபட்டவரைக் காவலில் வைக்கும் உத்தரவு. பயிற்சியிலேயே உருப்படியான நாள் இதுதான். போலீஸ்காரராக ஒருவர், பிடிபட்டவராக ஒருவர், மாஜிஸ்திரேட்டாக ஒருவர். கையில் ரிமாண்டு அறிக்கை, கைதுக் குறிப்பு, மருத்துவச் சான்று, கேஸ் டைரி நகல். நேரம் 15 நிமிடம். எல்லோரும் காகிதத்தைத்தான் முதலில் படிக்கிறார்கள். பயிற்றுநர் அங்கேயே நிறுத்தி, பிடிபட்டவர் முகத்தைப் பார்க்கச் சொல்கிறார். எப்போது பிடித்தார்கள், வீட்டுக்கு யார் சொன்னது, அடித்தார்களா, உடம்பில் காயம் உண்டா, வக்கீல் உண்டா என்று கேட்டு, பதிலைத் தன் கையால் எழுதிவிட்டுப் பிறகு காகிதத்துக்கு வர வேண்டும். கட்டுக்குள் ஒரு பொறியும் வைத்திருக்கிறார்கள். கைதுக் குறிப்பில் காலை 6 மணி. அரசு மருத்துவமனைச் சீட்டில் முந்தைய இரவு 11.40. பத்துப் பேரில் இரண்டு பேர் கண்டுபிடித்தால் அதிகம். பிடிபட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த அரசியலமைப்பின் 22-ம் பிரிவும் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 58-ம் பிரிவும் சொல்லும் 24 மணி நேரம் எந்தக் கடிகாரத்திலிருந்து ஓடுகிறது என்பதை இப்படிக் காட்டினால்தான் மண்டையில் ஏறும்.

அடுத்து, கைதே தேவையா என்ற கேள்வி. ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால், ஏன் ஆஜராகச் சொல்லும் 35(3) நோட்டீஸ் கொடுத்து அனுப்பவில்லை என்று போலீஸ் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். மாஜிஸ்திரேட்டும் தனக்குத் திருப்தி என்று காரணத்தோடு எழுத வேண்டும். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான். நடப்பில் போலீஸ் ஒரு அச்சடித்த பட்டியலில் டிக் அடித்துத் தருகிறது. மாஜிஸ்திரேட் அதைப் பார்த்து ‘படித்தேன், 15 நாள்’ என்று எழுதுகிறார். பயிற்சியில் அந்த அச்சுப் பட்டியலையே ஐந்து வழக்குக்கு ஒரே மாதிரி டிக் அடித்துக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உத்தரவு எழுதச் சொல்கிறார்கள். ஒரு வழக்கில் ரிமாண்டை மறுப்பதுதான் சரியான விடை. மறுத்து எழுத மூன்று வரி போதும். அந்த மூன்று வரியை எழுதத் துணிச்சல் வருவதற்குத்தான் அரை மணி நேரம் ஆகிறது.

வயதுக் கேள்வியையும் நன்றாக எடுத்தார்கள். பிடிபட்டவர் ‘எனக்குப் பதினேழு’ என்று சொன்னாலோ, பார்த்தாலே சந்தேகம் வந்தாலோ, இளைஞர் நீதிச் சட்டம் 94-ம் பிரிவின்படி முதலில் பள்ளிச் சான்று அல்லது மெட்ரிக் சான்று, அதில்லையென்றால் உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்புச் சோதனை. ஆதார் அட்டையில் உள்ள தேதியைப் பார்த்து அங்கேயே முடிவு கட்டக்கூடாது. மலையில் பிறந்த பலரின் ஆதாரில் ஜனவரி 1 என்று ஒப்புக்கு ஒரு தேதி இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டாம் நாள் சாட்சியம் பதிவு செய்வது. உண்மையில் இது இரண்டு நாள் வேலை. எதிரில் சாட்சி பேசுகிறார், வக்கீல் கத்துகிறார், பக்கத்தில் ஸ்டெனோ காத்திருக்கிறார். நீதிபதி கேட்டதைச் சுருக்கி ஸ்டெனோவுக்குச் சொல்ல வேண்டும். குறுக்கு விசாரணையில் வரும் ‘நீங்கள் அந்த இடத்திலேயே இல்லை என்கிறேன்’ என்பதற்குச் சாட்சி மறுத்துத் தலையாட்டினால், ‘நான் சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல’ என்று பதிவாக வேண்டும். இதில் ‘சரியல்ல’ என்பது ‘சரிதான்’ ஆனால் மறுப்பு ஒப்புதலாகிவிடும். அதே மாதிரி ‘தெரியாது’, ‘ஞாபகமில்லை’, ‘இல்லை’ மூன்றும் மூன்று பதில்கள். பழகாத காதுக்கு மூன்றும் ஒன்றாகக் கேட்கும். பயிற்சியில் 20 நிமிடக் குறுக்கு விசாரணை ஒலிப்பதிவை ஓடவிட்டு ஒவ்வொருவரையும் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். பிறகு ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தினார். திருத்தியதை எண்ணிப் பார்த்தால் இந்த மூன்று சொல்லில்தான் பெரும்பாலான பிழை.

கொங்குப் பேச்சைப் பற்றி ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தார்கள். தென் மாவட்டத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறவர்களுக்கு இந்த ஒரு மணி நேரத்துக்கே கட்டணம் தகும். பாகப்பிரிவினை வழக்கில் சாட்சி ‘அப்பாரு சொத்து’ என்றால் அப்பாவின் அப்பா. ‘அப்புச்சி சொத்து’ என்றால் அம்மாவின் அப்பா. இரண்டையும் ‘தாத்தா’ என்று எழுதிவிட்டால், அது பூர்வீகச் சொத்தா இல்லையா என்ற கேள்விக்கான விடையே சாட்சியத்திலிருந்து போய்விடும். மேல்முறையீட்டில் அதைத் தேடி எடுக்க முடியாது. ‘பொழுதோட’ என்றால் சாயங்காலம், ‘வெடியால’ என்றால் காலை. ‘பொடக்காலி’ வீட்டின் பின்பக்கம், ‘ஆசாரம்’ முன்பக்கக் கூடம். கதவு எந்தப் பக்கம் உடைபட்டது என்ற வழக்கில் இந்த இரண்டு சொல்லுக்கும் இடையே ஒரு தண்டனையே தொங்கும். ‘நங்கை’ என்று சாட்சி சொன்னால் கணவனின் அக்காளா, அண்ணன் மனைவியா என்று கேட்டு அடுத்த வாக்கியத்திலேயே உறவை எழுத வேண்டும். பயிற்றுநர் சொன்ன வழி எளிது: சாட்சி சொன்ன சொல்லை அப்படியே எழுது, அதன் பொருளைச் சாட்சியிடமே கேட்டு அடுத்த வரியாகச் சேர். நீதிபதி தானாக மொழிபெயர்க்கக் கூடாது.

குழந்தைச் சாட்சி, பதிந்ததைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவது, சாட்சியின் நடத்தையைப் பற்றிக் குறிப்பெழுதுவது எல்லாம் வேகமாகப் போயின. பன்னிரண்டு வயதுக்குக் கீழுள்ள குழந்தை உண்மை பேச வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டாலும் சத்தியத்தின் பொருளைப் புரிந்துகொள்ளாவிட்டால் சத்தியப் பிரமாணம் இல்லாமலே விசாரிக்கலாம் என்ற சட்டத்தைச் சொன்னார்கள். அந்தப் புரிதலைச் சோதிக்க என்ன கேட்க வேண்டும் என்று ஒரு கேள்விகூடக் காட்டவில்லை.

மூன்றாம் நாள் காலை, ஆவணம் குறியீடு செய்வது. வா.சா.ஆ.1 (வாதி தரப்புச் சான்றாவணம்), அ.சா.ஆ.1 (அரசுத் தரப்புச் சான்றாவணம்), சா.பொ.1 (சான்றுப் பொருள்) என்று எண் போடுவதை, நீதிமன்ற அலுவலகத்தை நடத்திய ஓய்வுபெற்ற சிரஸ்தார் ஒருவர் எடுத்தார். நீதிபதிகள் எடுத்த வகுப்பைவிட இது தெளிவாக இருந்தது என்றால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புவோம். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் ஆட்சேபணையைக் குறித்துக்கொண்டு, ஆவணத்தைத் தற்காலிகமாக ஏற்று, கடைசித் தீர்ப்பில் முடிவு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லிவிட்டது. புதியவர்கள் இதை எல்லாவற்றுக்கும் நீட்டுகிறார்கள். அதே தீர்ப்பில் ஒரு விலக்கு உண்டு: முத்திரைத் தீர்வை போதாது என்ற ஆட்சேபணையை அப்போதே முடிவு செய்ய வேண்டும்.

கொங்கில் இது அன்றாடம் வரும். குடும்பத்துக்குள் பாகம் பிரித்து எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு பழைய காகிதத்தில், முத்திரை இல்லாமல், பதிவு இல்லாமல் வரும். ‘ஆட்சேபணைக்குட்பட்டு’ என்று எழுதி எண் போட்டுவிட்டால், பின்னால் முத்திரைச் சட்டத்தின் 36-ம் பிரிவு குறுக்கே நிற்கும். ஏற்றுக்கொண்ட ஆவணத்தை முத்திரைக் குறைவுக்காக அந்த வழக்கில் மறுபடி கேள்வி கேட்க முடியாது. எண் போடும் முன் ஆவணத்தைப் பிடித்துவைத்து, தீர்வையும் அபராதமும் வசூலிக்கும் வழிக்குப் போக வேண்டும். பதிவு இல்லாத குறை வேறு. அது எந்த நோக்கத்துக்காகக் காட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய. சிரஸ்தார் ஒரே கூர்ச்சீட்டை மூன்று சூழலில் கொடுத்து, மூன்றுக்கும் வேறு வேறு உத்தரவு வாங்கினார்.

அன்று மதியம் அரிசிம்பருப்பும் தயிரும். பிற்பகல் காசோலை வழக்கு வகுப்பில் பாதிப் பேருக்குக் கண் செருகியதற்கு அதுவும் ஒரு காரணம். திருப்பூர் ஜாப் ஒர்க் பாக்கி, ஈரோட்டு மஞ்சள் வியாபாரம் என்று ஊருக்கேற்ற கட்டுகள்தான் கொடுத்தார்கள். காசோலை திரும்பியது என்ற வங்கியின் மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்துப் பணம் தர 15 நாள், அது முடிந்ததிலிருந்து ஒரு மாதத்துக்குள் புகார் என்ற கணக்கைத் தேதிப்பட்டையாகப் போட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம். வழக்கின் பாதி விதி அந்தப் பட்டையிலேயே தெரிந்துவிடும். ஆனால் 143-ஏ இடைக்கால இழப்பீட்டில் பயிற்சி சறுக்கியது. காசோலைத் தொகையில் 20 சதவீதம் என்பது உச்சவரம்பு, கட்டாயமில்லை, காரணம் எழுத வேண்டும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்ன பிறகும், கையேட்டு மாதிரி உத்தரவில் ‘20 சதவீதம் செலுத்துக’ என்று ஒரே வரி இருக்கிறது. இதை நகலெடுத்து வைத்துக்கொள்பவர்கள் மாட்டிக்கொள்வார்கள்.

குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீதிபதியே கேள்வி கேட்கும் கட்டம், பழைய 313, இப்போது பி.என்.எஸ்.எஸ். 351. இங்கே நடக்கும் தவறு ஒன்றே ஒன்றுதான்: நான்கு சாட்சிகள் சொன்னதை ஒரே கேள்வியாகக் கட்டி, ‘எல்லாம் பொய்’ என்று பதில் வாங்கிக்கொள்வது. ஒவ்வொரு பாதகமான சூழலும் தனிக் கேள்வியாக வர வேண்டும். வராத சூழலைத் தண்டனைக்குப் பயன்படுத்த முடியாது. பயிற்சியில் கேள்விகளை முந்தைய நாளே எழுதி வரச் சொன்னது சரியான யோசனை.

நான்காம் நாள் உத்தரவும் தீர்ப்பும். ஒருதலைத் தடையுத்தரவில் இரண்டு மணி நேரம் செலவிட்டார்கள். தோட்டத்துக்குப் போகும் இட்டேரியை வேலி போட்டு அடைத்துவிட்டார்கள், நாளைக்குப் போர்வெல் லாரி வருகிறது, இன்றைக்கே தடை வேண்டும் என்று ஒரு மனு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39 விதி 3-ன்படி ஏன் எதிர்த்தரப்பைக் கேட்காமல் தருகிறோம் என்று எழுத வேண்டும். மனுதாரர் அன்றோ மறுநாளோ நகல்களை அனுப்பி அதற்குப் பிரமாணப் பத்திரம் போட வேண்டும். 3-ஏ-ன்படி 30 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும். முடியாவிட்டால் அதற்கும் காரணம் எழுத வேண்டும். இந்த மூன்றையும் உத்தரவின் கடைசிப் பத்தியிலேயே தேதியோடு போட்டுவிட்டால் பென்ச் கிளார்க்குக்கும் வேலை எளிது.

டிக்ரியில் தடத்தின் அகலம் விட்டுப்போவதைப் பற்றிப் பயிற்றுநர் கொஞ்சம் கோபமாகவே பேசினார். ‘வாதிக்கு வண்டித்தடப் பாத்தியம் உண்டு’ என்று எழுதி, எத்தனை அடி, எந்த சர்வே எண்ணின் எந்தப் பக்கம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதாவிட்டால், நிறைவேற்றல் மனுவில் நீதிமன்ற ஊழியரான அமீனா போய் நின்று எதை அளப்பார்? அட்வகேட் கமிஷனரின் வரைபடத்தை டிக்ரியோடு இணைக்கச் சொல்லும் ஒரு வரி பத்தாண்டுச் சண்டையை மிச்சப்படுத்தும். எழுவினாக்களை, அதாவது வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளை, வடிப்பதிலும் இதே கவனம் வேண்டும். நிரூபிக்கும் சுமை யார்மேல் என்பது கேள்வியின் வாசகத்திலேயே தெரிய வேண்டும்.

ஐந்தாம் நாள்தான் ஏமாற்றம். ‘பழங்குடி மக்களும் நீதிமன்றமும்’ என்று ஒரு நாள் முழுக்க விளம்பரத்தில் இருந்தது. நடந்தது ஒரு பிற்பகல். அதிலும் பாதி நேரம் அமெரிக்கப் பழங்குடி நீதிமன்றங்களைப் பற்றிய படக்காட்சி. தகவல் தவறில்லை. அங்கே பழங்குடி நாடுகளுக்குச் சொந்த நீதிமன்றம் உண்டு. நெவாடாவின் ரீனோவில் உள்ள நேஷனல் ஜுடீஷியல் காலேஜ் அந்த நீதிபதிகளுக்கென்றே வகுப்புகள் நடத்துகிறது. 2010-ல் வந்த சட்டம், ஒரு குற்றத்துக்கு ஓராண்டாக இருந்த உச்சத் தண்டனையை மூன்றாண்டு வரை உயர்த்த அனுமதித்தது. ஆனால் அப்படித் தண்டிக்க நீதிபதி சட்டம் பயின்று உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும், வசதியில்லாத பிரதிவாதிக்குப் பழங்குடி அரசே வக்கீல் வைக்க வேண்டும், விசாரணை முழுவதும் ஒலிப்பதிவாகவோ வேறு வகையிலோ பதிவாக வேண்டும். தண்டனை அதிகாரம் கூட வேண்டுமென்றால் பதிவும் கூட வேண்டும் என்ற அந்த ஏற்பாடு இங்கே இரண்டாம் நாள் சொன்னதோடு அழகாகப் பொருந்துகிறது. அந்த முடிச்சைப் பயிற்றுநர் போடவே இல்லை.

பழங்குடிப் பகுதிகளுக்குத் தனி நிர்வாகம் தரும் அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணையில் தமிழ்நாட்டின் எந்தப் பகுதியும் இல்லை. ஆனைமலையின் காடர், முதுவர், மலசர், சத்தியமங்கலம் மலையின் சோளகர், ஊராளி, இருளர் எல்லோரும் வருவது வால்பாறை, பொள்ளாச்சி, சத்தியமங்கலம், பவானியில் உள்ள இதே மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களுக்குத்தான். ஆகவே புதியவருக்குத் தெரிய வேண்டியது ரீனோவைவிடத் திம்பம் மலைப்பாதை. தாளவாடியிலிருந்து சத்தியமங்கலத்துக்கு 27 கொண்டை ஊசி வளைவு இறங்கி வர வேண்டும். இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உள்ள பாதை. வந்த சாட்சியைச் சாயங்காலம் ஐந்து வரை வராந்தாவில் உட்காரவைத்து வாய்தா கொடுத்தால் அவர் அடுத்த முறை வரமாட்டார். சாட்சி ஆஜராக இருக்கும்போது சிறப்புக் காரணம் எழுதாமல் தள்ளிவைக்கக் கூடாது என்று பி.என்.எஸ்.எஸ். 346-ம் பிரிவு சொல்கிறது. மலைச் சாட்சியைப் பட்டியலில் முதலாவதாக எடுப்பது நீதிபதியின் கையில் இருக்கும் காரியம். சாட்சிப் படியையும் அன்றே கொடுக்கச் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தைத் தொடவே இல்லை. தாளவாடிப் பக்கம் கன்னடம், சோளகருக்கும் இருளருக்கும் அவரவர் பேச்சு. நடப்பில் கூட வந்த காவலரோ வனக் காவலரோ ‘நான் சொல்றனுங்க ஐயா’ என்று முன்வருவார். அவர் அந்த வழக்கின் தரப்பு. அவரை வைத்துச் சாட்சியம் பதியக் கூடாது. வேறு ஆளை வரவழைத்து, மொழிபெயர்ப்பாளருக்கான சத்தியம் வாங்கி, அவர் பெயரைச் சாட்சியத்தின் தலைப்பிலேயே எழுத வேண்டும். கைதுக்கான காரணம் பிடிபட்டவருக்குப் புரிகிற மொழியில் சொல்லப்பட்டதா என்று முதல் ரிமாண்டிலேயே கேட்பதும் இதோடு சேர்ந்தது.

ஜாமீன்தாரர் சிக்கலையும் விட்டுவிட்டார்கள். வீட்டுவரி ரசீதோடு இரண்டு பேர் என்று எழுதினால் மலைக் குடியிருப்பில் யார் வருவார்? ஜாமீன் கிடைத்தும் ஒரு மாதத்துக்குள் பத்திரம் கொடுக்க முடியாமல் உள்ளே இருப்பவரின் நிபந்தனையை நீதிமன்றம் தானாகவே தளர்த்தலாம் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. பட்டியல் பழங்குடியினருக்கு வருமானச் சான்று இல்லாமலே இலவச வக்கீல் உண்டு என்பது சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ம் பிரிவு. தேன், நெல்லி, கடுக்காய் எடுத்தார் என்று வனத்துறை ஆளைக் கொண்டுவந்தால், 2006 வன உரிமைச் சட்டம் 3(1)(சி) சிறு வனப்பொருளுக்குத் தரும் உரிமையைப் பற்றி ஒரு கேள்வியாவது மாஜிஸ்திரேட்டிடமிருந்து வர வேண்டும். தர்மபுரி மாவட்டத்தின் வாச்சாத்தியில் 1992 ஜூனில் மலைவாழ் மக்கள்மேல் வனத்துறையும் போலீசும் நடத்திய வன்முறைக்கு 2011-ல்தான் தண்டனை வந்தது, 2023-ல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அத்தனை ஆண்டு கழித்தும் வழக்கைத் தாங்கி நின்றது மலைப் பெண்கள் கூண்டில் ஏறிச் சொன்னது. அந்த ஒரு வழக்கை வைத்தே ஐந்தாம் நாளை நடத்தியிருக்கலாம்.

கையேடு 140 பக்கம். பிரிவு எண்கள் பழையதும் புதியதும் இரண்டு பத்தியாக இருப்பது வசதி. தட்டச்சுப் பிழைகள் அங்கங்கே. 183 இருக்க வேண்டிய இடத்தில் ஓரிடத்தில் 187 இருக்கிறது, ஒப்புதல் வாக்குமூலமும் ரிமாண்டும் இடம் மாறிவிடும், திருத்திக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கி மோசம், பின்வரிசையில் உட்காராதீர்கள். மடிக்கணினியில் தமிழ் யூனிகோடு விசைப்பலகை பழகிவிட்டுப் போனால் இரண்டாம் நாள் திண்டாட வேண்டாம்.

முதல் மூன்று நாளுக்கு மட்டும் சேர வழியுண்டா என்று கேட்டால் 4,500 ரூபாய்க்குச் சேர்த்துக்கொள்கிறார்கள். நான்காம் நாளையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். ஐந்தாம் நாளுக்குப் பதில், சத்தியமங்கலம் நீதிமன்றத்தில் திங்கட்கிழமை காலை பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.